ஓட்டலில் பேசக் குழந்தைக்குப் பழக்குதல்: பட அட்டை, சொப்புச் சாமான், நெடுநாள் பயன்பாட்டில் தேறியவை

கடையில் விற்கும் ‘உணவு’ பட அட்டைக் கட்டைப் பிரித்தால் பீட்சா, பர்கர், டோனட், முள்கரண்டி எல்லாம் இருக்கும். சாம்பார் வாளி இருக்காது, டபரா இருக்காது, வாழை இலையும் இருக்காது. மூன்று வயதுக் குழந்தையை நம்மூர் சைவ ஓட்டலில் உட்கார வைத்தால் முதல் ஐந்து நிமிடத்தில் அதன் கண்ணில் படுவது இந்த விடுபட்ட சாமான்கள்தான். வாங்கிய கட்டு சில வாரங்களில் அலமாரிக்குள் போய்விடுவதற்குப் பெரிய காரணம் இதுவே. தாள் நன்றாக இருக்கும், அச்சு பளிச்சென்று இருக்கும், படங்களுக்கும் குழந்தை போகும் இடத்துக்கும்தான் சம்பந்தம் இருக்காது.

இரண்டரை முதல் ஆறு வயதுவரை உள்ள குழந்தைகளுக்கு, தமிழ்நாட்டு டிபன் கடை, சாப்பாட்டு ஓட்டல் இரண்டையும் மனதில் வைத்து இதை எழுதுகிறோம். வாங்கிய அட்டை, வீட்டில் செய்த அட்டை, பொம்மைச் சாமான், நிஜப் பாத்திரம் என்று நான்கையும் வருடக்கணக்கில் புழங்கிய பிறகு சொல்வது: நிஜப் பாத்திரமும் வீட்டில் செய்த பத்து அட்டையும் போதும். மற்றவை இருந்தால் விளையாடட்டும்.

எந்தச் சொல்லை முதலில் பழக்குவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பலகாரப் பெயர்களிலிருந்து ஆரம்பித்துவிடுகிறார்கள். குழந்தை இட்லி, வடை, பொங்கல் என்று ஒப்பிக்கும், பார்க்கப் பெருமையாக இருக்கும். ஆனால் ஓட்டலில் அழுகை வருவது பெயர் தெரியாததால் இல்லை. காரம் என்று சொல்லத் தெரியாது, போதும் என்று சொல்வதற்குள் இலையில் இன்னொரு கரண்டி விழுந்துவிடும், பாத்ரூம் போகணும் என்று கூட்டத்தில் சொல்லக் கூச்சம். ஆகவே முதல் பத்து இவை: தண்ணி, சூடு, காரம், வேணும், வேண்டாம், போதும், இன்னும் கொஞ்சம், கை கழுவணும், பாத்ரூம் போகணும், சாப்பிட்டாச்சு. பலகாரங்கள் பின்னால் தானாக வந்து சேரும். பசிக்கிற குழந்தைக்குத் தோசையின் பெயரை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இவற்றில் ‘வேண்டாம்’, ‘போதும்’ இரண்டும் நெடுநாள் குழம்பும். பரிமாறுவதற்கு முன் சொல்வது ஒன்று, பரிமாறும்போது நிறுத்தச் சொல்வது இன்னொன்று. படம் காட்டி இதை விளக்க முடியாது. ஒரு கிண்ணத்தைக் குழந்தை முன் வைத்து, சின்னக் கரண்டியால் பொரியை ஒவ்வொரு கரண்டியாகப் போட்டுக்கொண்டே போங்கள். ‘போதும்’ என்றதும் கை சட்டென்று நிற்க வேண்டும். குழந்தை சொன்ன பிறகும் ‘இன்னும் ஒண்ணே ஒண்ணு’ என்று போட்டால் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை என்றுதான் அது கற்றுக்கொள்ளும். பொரியைச் சொல்லக் காரணம், சிந்தினாலும் கூட்டி அள்ளிவிடலாம், சுடாது. கூடவே உள்ளங்கையை விரித்து இலைக்கு மேல் காட்டும் சைகையையும் பழக்குங்கள். வாளியோடு வரிசையில் வேகமாக வருகிறவருக்குக் குழந்தையின் குரல் கேட்காது. கை தெரியும்.

அட்டை செய்யும் முறை

படத்தை நீங்களே செல்போனில் எடுங்கள். குழந்தையின் கண் உயரத்திலிருந்து எடுக்க வேண்டும். மேலிருந்து எடுத்தால் டம்ளர் வெறும் வட்டமாகத் தெரியும், டபராவும் வட்டம், கிண்ணமும் வட்டம். பின்னணியில் மேசை, இலை, ஒரு கை என்று கொஞ்சம் இருக்கட்டும். வெள்ளைப் பின்னணியில் தனியாக மிதக்கும் டம்ளரைப் பெயர் சொல்லிவிடும் குழந்தை, ஓட்டல் மேசையில் அதையே பார்த்துப் பேசாமல் இருக்கும்.

ஏ4 தாளை நான்காக வெட்டினால் 105 × 148 மில்லிமீட்டர் அளவு வரும். சின்னக் கைக்கு இது சரியான அளவு. லேசர் அச்சு நல்லது, சாதாரண இங்க்ஜெட் மை ஈரம் பட்டால் கசியும். வெட்டிய பிறகு ஒவ்வொன்றையும் 125 மைக்ரான் தடிமனுள்ள பவுச்சில் (லேமினேட் செய்யும் பிளாஸ்டிக் உறை) லேமினேட் செய்து, சுற்றிலும் 3 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஓரம் விட்டுக் கத்தரியுங்கள். ஏ4 தாளை முழுதாக லேமினேட் செய்து அப்புறம் நான்காக வெட்டுவது வேலை மிச்சம்போலத் தோன்றும். ஆனால் வெட்டிய விளிம்பில் தாள் திறந்திருக்கும், முதல் முறை சாம்பார் பட்டதுமே தண்ணீர் உள்ளே இறங்கி அட்டை இரண்டாகப் பிரிந்துவிடும். அட்டைகளைக் கோக்கும் வளையத்துக்கான துளையும் அப்படித்தான். தாளில் துளையிடாமல், மேல் பக்கம் மட்டும் 15 மில்லிமீட்டர் வெற்றுப் பிளாஸ்டிக் விட்டு அதில் துளையிடுங்கள். மூலைகளை வளைவாக வெட்ட மறக்க வேண்டாம், லேமினேட் செய்த கூர்மூலை கன்னத்தைக் கீறும். பளபளப்பான பவுச்சில் டியூப்லைட் வெளிச்சம் பட்டால் படமே தெரியாது, மேட் வகை கிடைத்தால் வாங்குங்கள். மஞ்சள் கறை துடைத்துப் போகாவிட்டால் அரை நாள் வெயிலில் வைத்தால் வெளுக்கும். நாள்கணக்கில் வைத்தால் படமும் சேர்ந்து வெளுக்கலாம்.

ஒரு வளையத்தில் பத்துக்கு மேல் கோக்காதீர்கள். அதிகமானால் குழந்தை படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் புரட்டுவதையே விளையாட்டாக்கிக்கொள்ளும்.

எழுத்து விஷயம் கொஞ்சம் சிக்கலானது. அட்டையில் ‘தண்ணீர் தாருங்கள்’ என்று அச்சிட்டு, அதையே வாயிலும் பழக்கினால் குழந்தை மேடைப் பேச்சுபோலக் கேட்கும், சர்வர் சிரிப்பார், அடுத்த முறை அது வாயே திறக்காது. முன்பக்கம் படம் மட்டும் இருக்கட்டும். பின்பக்கம் பெரியவர் பார்த்துச் சொல்வதற்காக ‘அண்ணா, தண்ணி குடுங்க’ என்று பேச்சு வழக்கிலேயே எழுதுங்கள். எழுத்துக் கூட்டத் தொடங்கிய பிறகு முன்பக்கம் ‘தண்ணீர்’ என்று ஒட்டிக்கொள்ளலாம். தமிழ்ப் பற்றில் காபியைக் ‘குளம்பி’ என்று பழக்குவோரும் உண்டு. வீட்டில் அழகாக இருக்கும், ஓட்டலில் காபி வராது.

அட்டையால் ஆகாதவை

சாம்பார், ரசம், வத்தக்குழம்பு மூன்றையும் படம் எடுத்து அடுக்கிப் பாருங்கள், பெரியவர்களுக்கே தடுமாறும். இவற்றுக்கு மூன்று சின்னக் கிண்ணம், ஒரு ஸ்பூன், மூக்கு. முதலில் மோந்து பார்ப்பது, பிறகு ஸ்பூனில் எடுத்து ஊற்றிப் பார்ப்பது. ரசம் தண்ணியாக ஓடும், சாம்பாரில் பருப்பும் காயும் தட்டுப்படும், வத்தக்குழம்பு கெட்டியாகப் புளிப்பு வாசத்தோடு இறங்கும். கடைசியில்தான் நாக்கு. காரம், புளிப்பு, உப்பு, இனிப்பும் இதே வழிதான். ‘சூடு’ என்பதற்கு உள்ளங்கையைப் பாத்திரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தி ஆவியை உணர வைக்க வேண்டும். எவர்சில்வர் டம்ளரில் காபி ஊற்றினால் விளிம்புவரை சுடும் என்பதால் இந்தச் சொல் பாதுகாப்புக்கும் வேண்டியது.

தோசை வகைகள் இன்னொரு தொல்லை. வட்டமாகத் தட்டையாக இருப்பதெல்லாம், சப்பாத்தி உட்பட, சிறு குழந்தைக்குத் தோசைதான். அது தவறில்லை, அந்த வயதில் எல்லாக் குழந்தைகளும் ஒரு சொல்லை அப்படித்தான் விரித்துப் பயன்படுத்தும். ‘தோசை’ வாயில் நன்றாக நின்ற பிறகு வித்தியாசத்தைப் பிடித்து ஒவ்வொன்றாகப் பிரியுங்கள்: ஓட்டை ஓட்டையாக இருந்தால் ரவா தோசை, தடியாக மெத்தென்று இருந்தால் ஊத்தப்பம், தட்டைத் தாண்டி நீண்டால் பேப்பர் ரோஸ்ட், உள்ளே கிழங்கு இருந்தால் மசால் தோசை. ஒரு தடவைக்கு ஒரு ஜோடி போதும். சட்னிக்கு நிறமே பெயர். வெள்ளை, சிவப்பு, பச்சை என்றால் எந்த ஊரிலும் சர்வருக்குப் புரியும்.

பொம்மைச் சாமானில் பிளாஸ்டிக் வகை சீக்கிரம் அலுத்துவிடுகிறது. தண்ணீர் ஊற்ற முடியாது, சத்தம் வராது. எவர்சில்வர் சொப்பு பரவாயில்லை, விளிம்பு மடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள். மூன்று வயதுக்குக் கீழ் என்றால் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்குள் முழுதாக அடங்கும் எதையும் கொடுக்கக் கூடாது, தொண்டையில் சிக்கும். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பதிவுபெற்ற கைவினைஞர் செய்பவற்றுக்கு விலக்கு உண்டு என்பதால் மரச் சொப்பில் முத்திரை இல்லாமலும் இருக்கலாம், அங்கே சாயம் உரிகிறதா, சிலாம்பு நிற்கிறதா என்று நாமே பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் மேலாக, அடுக்களையிலிருந்து ஒரு டம்ளர், ஒரு டபரா, ஒரு சின்னத் தூக்கு, ஒரு கரண்டி எடுத்துக் கொடுத்தால் அது வருடக்கணக்கில் ஓடும்.

விளையாட்டில் முதலில் குழந்தையே சர்வராக இருக்கட்டும். ‘என்ன வேணும்?’, ‘காபியா டீயா?’, ‘இன்னும் வைக்கவா?’ என்று சர்வர் பேச்சு குட்டையானது, திரும்பத் திரும்ப வருவது, அதிகாரமும் குழந்தை கையில் இருக்கும். சாப்பிட வந்தவராக நீங்கள் சொல்லும் பதில்களைக் காதில் வாங்கிய பிறகு வேடத்தை மாற்றுங்கள். ‘இது என்ன, சொல்லு’ என்று கேட்கத் தொடங்கினால் விளையாட்டு பரீட்சையாகிவிடும். கேள்வி கேட்டே ஆக வேண்டுமென்றால் கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பெரும்பாலோர் மூன்றிலேயே பொறுமை இழந்து தாங்களே பதிலைச் சொல்லிவிடுகிறார்கள். ‘தோதை’ என்றால் திருத்த வேண்டாம், ‘ஆமா, தோசை. மொறுமொறுன்னு தோசை’ என்று சரியாகச் சொல்லி நகர்ந்துவிடுங்கள். ழ, ள, ற எல்லாம் பிந்தித்தான் வரும்.

வரிசை அட்டைகளும் உண்டு: கை கழுவுவது, உட்காருவது, இலை போடுவது, தண்ணி தெளிப்பது, கேட்பது, சாப்பிடுவது, இலையை நம் பக்கமாக மடிப்பது, மறுபடி கை கழுவுவது, கல்லாவில் பில் கட்டுவது. நன்றாக வேலை செய்யும். ஆனால் டோக்கன் ஓட்டலுக்குப் போனதும் குழந்தை திகைக்கும், அங்கே முதலிலேயே பணம் கட்ட வேண்டும். அதனால் கல்லா, டோக்கன், கவுன்ட்டர், தட்டு போடும் இடம் என்று இரண்டாவது வரிசை ஒன்றும் செய்து வையுங்கள். பரோட்டா கடைக்குச் சால்னா, கொத்து, பார்சல் தனி. தென்மாவட்டத்தில் தொட்டுக்கொள்வதை வெஞ்சனம் என்பார்கள். வேறு ஊரில் செய்த அட்டையை அப்படியே வாங்கிப் பயனில்லை என்பது இதனால்தான்.

ஓட்டலுக்குக் கூட்டிப் போகும்போது ஞாயிறு காலை வேளையைத் தவிருங்கள். பதினொரு மணி, நாலு மணி போன்ற நேரங்களில் சர்வருக்கு நின்று கேட்க அவகாசம் இருக்கும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு வாக்கியத்தைக் குழந்தை பொறுப்பில் விடுங்கள், தண்ணி கேட்பது மட்டும் போதும். மற்றதெல்லாம் நீங்கள் கேளுங்கள், குழந்தை கேட்கும்படி ‘அண்ணா’, ‘அக்கா’ போட்டு, ‘குடுங்க’ என்று. பெரியவர் விரலைச் சொடுக்கி ‘ஏய், தண்ணி’ என்று கூப்பிடும் மேசையில் எந்த அட்டையும் எடுபடாது. எண்ணிக்கைக்கு ‘ரெண்டு இட்லி, ஒரு வடை’யே நல்ல தொடக்கம். குட்டி இட்லியைச் சாம்பாரில் மிதக்க விட்டு ‘14 இட்லி’ என்று தரும் கடை இருந்தால் எண்ணி எண்ணித் தின்ன ஒரு வேளை போய்விடும். கியூஆர் மெனு மட்டும் வைத்திருக்கும் இடத்தில் அச்சிட்ட மெனுவைக் கேட்டு வாங்குங்கள். செல்போன் குழந்தை கைக்குப் போனால் அதோடு பேச்சு நின்றது.

ஒரு சொல்லைக் குழந்தை ஓட்டலில் தானாகச் சொல்லிவிட்டால் அந்த அட்டையைக் கழற்றி வேறு போடுங்கள். ஐந்தரை, ஆறு வயதில் வளையத்துக்கு வேலை குறைந்து, சுவரில் எழுதிய விலைப்பட்டியலும் பில்லும் பாடமாகும். எத்தனை பலகாரம், ஒவ்வொன்றும் என்ன விலை, அடியில் மொத்தம் எங்கே என்று விரல் வைத்துத் தேடச் சொல்லலாம். பில்லையே அட்டையாக்க நினைத்தால் நகல் எடுத்து அதை லேமினேட் செய்யுங்கள். ஓட்டல் பில் வெப்பத்தில் அச்சாகும் தாள், மெஷினில் விட்டால் முழுக்கக் கறுத்து வெளியே வரும்.