கீமோகைன் சோதனைக்கு டிரான்ஸ்வெல் 5 மைக்ரான் இன்செர்ட்: வாங்கலாமா?

வீக்கம் கண்ட இடத்துக்கு வெள்ளணுக்களை வரவழைப்பவை கீமோகைன்கள். எந்தக் கீமோகைனுக்கு எந்தச் செல் நகர்கிறது என்று பார்க்க, ஆய்வகங்களில் அதிகம் புழங்குவது கார்னிங்கின் டிரான்ஸ்வெல்தான். 24 குழித் தட்டில் உட்காரும் 6.5 மி.மீ. இன்செர்ட் (சின்னக் கிண்ணம்), அடியில் 10 மைக்ரான் தடிமனில் துளைகள் உள்ள பாலிகார்பனேட் சவ்வு. செல்கள் மேலே, கீமோகைன் கீழே; துளை வழியாக எத்தனை செல் இறங்குகிறது என்று எண்ணுவதுதான் சோதனை.

மனித டி செல்லுக்கு (ஒருவகை வெள்ளணு) 5 மைக்ரான் துளையை வாங்குங்கள். செல் தன் உடலை ஒடுக்கித்தான் அதில் நுழைய முடியும். சோதனையின் உயிரே அதில்தான் இருக்கிறது. 8 மைக்ரானில் கீமோகைன் இல்லாமலேயே செல்கள் நழுவி இறங்கி, கட்டுப்பாட்டுக் குழியின் (கீமோகைன் போடாத குழி) எண்ணிக்கை ஏறிவிடும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவுக்கு 3 மைக்ரானே போதும்.

முதலில் கீழ்க் குழியில் 600 மைக்ரோலிட்டர் ஊடகம் (செல் வளர்ப்புத் திரவம்), அதில் சிஎக்ஸ்சிஎல்12 என்ற கீமோகைன் மி.லிக்கு 100 நானோகிராம். பிறகு இன்செர்ட்டைச் சாய்த்து மெல்ல இறக்கவும். நேராக வைத்தால் அடியில் குமிழி மாட்டும். அந்த இடத்துத் துளைகளுக்குக் கீமோகைன் எட்டாது. மேலே 100 மைக்ரோலிட்டரில் ஒரு லட்சம் முதல் ஐந்து லட்சம் செல்கள். 37 டிகிரியில் 2 முதல் 3 மணி நேரம், தட்டை அசைக்கவே கூடாது. இரவு முழுக்க விட்டால் மேலும் கீழும் செறிவு நெருங்கி, திசைகாட்ட எதுவும் மிஞ்சாது.

ஊடகத்தில் 0.5 சதவீதம் பிஎஸ்ஏ (மாட்டு இரத்தப் புரதமான அல்புமின்) கட்டாயம். இல்லாவிட்டால் கீமோகைன் பிளாஸ்டிக்கிலேயே ஒட்டிப் போகும். அளவைக் கூட்டினால் நகர்வும் கூடும் என்று நம்ப வேண்டாம்: ஒரு கட்டத்துக்கு மேல், கீமோகைனைப் பிடிக்கும் ஏற்பிகள் செல்லுக்குள் இழுக்கப்பட்டு, எண்ணிக்கை சரியும். மி.லிக்கு 10, 30, 100, 300 நானோகிராம் என நான்கு அளவாவது வையுங்கள்.

பலர் விட்டுவிடும் ஒரு குழி உண்டு. சிஎக்ஸ்சிஎல்12-ஐ மேலேயும் கீழேயும் ஒரே அளவில் வைப்பது. அப்போதும் செல்கள் இறங்கினால், அது திசையில்லாத வெறும் பரபரப்பு, ஈர்ப்பு அல்ல. சிஎக்ஸ்சிஎல்12-இன் ஏற்பியான சிஎக்ஸ்சிஆர்4-ஐ அடைக்கும் ஏஎம்டி3100 என்ற மருந்து போட்ட குழியும் சேர்ந்தால்தான் முடிவை நம்ப முடியும்.

குறை என்றால், இந்தச் சவ்வு மங்கலானது. செல் நகர்வதை மைக்ரோஸ்கோப்பில் தெளிவாகப் பார்க்க முடியாது. மோனோசைட் என்ற வெள்ளணுக்கள் சவ்வின் அடிப்பக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளும், இடிடிஏ (ஒட்டிய செல்லை விடுவிக்கும் வேதிப்பொருள்) கொண்டு பிரிக்காமல் திரவத்தை மட்டும் எண்ணினால் கணக்கு குறையும். இரத்தக்குழாய்ச் சுவரும் ஓட்டமும் இதில் இல்லாததால், உடலில் நடக்கும் வீக்கத்தை அப்படியே இதில் காணலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். இழுக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு இது போதும். செல்லின் பாதையும் வேகமும் வேண்டுமென்றால் மைக்ரோஃப்ளூயிடிக் ஸ்லைடுக்கு (நுண்ணிய திரவ வழிகள் உள்ள ஸ்லைடு) செலவழியுங்கள்.