குற்றவியலும் சட்டமும்: சேர்த்தா, ஒன்றன்பின் ஒன்றா?

சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் குற்றவியலையும் (குற்றம் ஏன் நடக்கிறது என்று ஆராயும் படிப்பு) சட்டத்தையும் இரட்டைப் பட்டமாகப் படித்தால் 5 வருடம். குற்றவியலை 3 வருடம் முடித்துவிட்டு ஜே.டி. என்ற, பட்டதாரிகளுக்கான சட்டப் படிப்புக்குப் போனால் இன்னொரு 3. ஒரு வருடம்தானே அதிகம் என்று தோன்றும். கையைக் கடிப்பது கட்டணம். இரட்டைப் பட்டத்தில் வரும் இளநிலைச் சட்டப் படிப்பில் உள்ளூர் மாணவருக்கு அரசு மானிய இடம் உண்டு. ஜே.டி.யில் பெரும்பாலும் முழுக் கட்டணம்.

இரட்டைப் பட்டத்தின் ருசியே தனி. காலையில் சட்ட வகுப்பில், திருட்டை நிரூபிக்க அரசுத் தரப்பு என்னென்ன காட்ட வேண்டும் என்று அலசலாம். மதியம் குற்றவியலில், மாநிலக் குற்றப் புள்ளிவிவர அட்டவணையை விரித்துவைத்து, சிறையிலிருந்து வெளியே வந்தவர்களில் பலர் ஏன் திரும்பவும் கோர்ட்டுக்கு வருகிறார்கள் என்று கேட்கலாம். சூடு ஆறுவதற்குள் இரண்டும் ஒன்றோடொன்று மோதும். ஆனால் ஒப்பந்தம், சொத்துச் சட்டம் எல்லாம் கட்டாயம்; குற்றத்தைப் பற்றிப் படிக்கவே வந்தவருக்குக் கொட்டாவிதான்.

சட்டம் ஒத்துவருமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு இரண்டாவது வழி தோது. குற்றவியலோடு நிறுத்திக்கொண்டு சிறைத்துறை, நன்னடத்தைப் பணி (தண்டனையைச் சிறைக்கு வெளியே கழிப்பவர்களைக் கண்காணிப்பது) என்று போகலாம். மற்றவர்களுக்கு என் ஓட்டு இரட்டைப் பட்டத்துக்கே. வக்கீலாக வேண்டுமானால், எந்த வழியில் வந்தாலும் பட்டத்துக்குப் பிறகு தொழில் பயிற்சி முடித்து மாநில உச்ச நீதிமன்றத்தில் பதிவாக வேண்டும்.