ஹாலில் அதிரடி, அடுப்படியில் மௌனம்

கோவையில் புது வீட்டுக்குக் குடிவந்தபோது ஹாலுக்கு ஒரு 7.2 ரிசீவர் (ஏழு ஸ்பீக்கர்களும் இரண்டு சப்வூஃபர்களும் இணைக்கக்கூடிய ஹோம் தியேட்டர் பெட்டி) வாங்கினேன். அதே பெட்டியிலிருந்து சமையலறைக்கும் மாடி வராந்தாவுக்கும் பாட்டு போக வேண்டும் என்று ஆசை. "ஸோன் 2 இருக்கு சார், கவலையே வேண்டாம்" என்றார் கடைக்காரர். ஸோன் 2 என்றால் அதே ரிசீவரிலிருந்து வேறு இடத்துக்கும் பாட்டு அனுப்பும் வசதி.

இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஏழு ஆம்ப்ளிஃபையர்களில் இரண்டை ஸோன் 2 எடுத்துக்கொள்ளும். பின்பக்க ஸ்பீக்கர்கள் அடங்கி, ஹாலில் 5.2தான் மிச்சம். எங்கள் ஹால் 12க்கு 14 அடி, அதனால் பெரிய நஷ்டமில்லை. கடுப்பேற்றியது வேறு. எச்டிஎம்ஐ வழியாக வரும் டிவி சத்தம் இந்த மாடலில் சமையலறைக்குப் போகவே போகாது. அனலாக் வயரில் வருவதும் புளூடூத் பாட்டும்தான் போகும். அடுப்படியில் நின்றே சீரியல் வசனம் கேட்கலாம் என்றிருந்த அத்தைக்குப் பெரிய ஏமாற்றம்.

அடுத்த கூத்து எலக்ட்ரீஷியனுடையது. சமையலறை, வராந்தா என இரண்டு ஜோடி 8 ஓம் ஸ்பீக்கர்களையும் ஒரே முனையில் பேரலலாக மாட்டிவிட்டார். மொத்தம் 4 ஓம். ஓம் (மின்தடை) குறைந்தால் ரிசீவருக்குச் சுமை கூடும். வால்யூமைக் கொஞ்சம் கூட்டினாலே ரிசீவர் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும்.

கடைசியில் ஸோன் 2 ப்ரீ-அவுட்டில் (ரிசீவரின் ஆம்ப்ளிஃபையர் வழியாகப் போகாத சிக்னல் வெளிவரும் முனை), 4 ஓம் தாங்கும் தனி ஸ்டீரியோ ஆம்ப் ஒன்றை இணைத்தேன். ஹாலுக்கு 7.2 திரும்பக் கிடைத்தது, அணைவதும் நின்றது. இதை முதலிலேயே செய்திருக்கலாம். ஹால் சத்தத்துக்கு ஐந்துக்கு ஐந்து, ஸோன் 2க்கு இரண்டரை. சீரியலுக்கு அத்தை இன்னமும் ஹாலுக்குத்தான் வருகிறார், கையில் வெங்காயத்தட்டோடு.