ஹொசகோட்டேயில் வீட்டுக் குப்பை சேகரிப்பு: ஒரு மதிப்பீடு

பெங்களூருவை அடுத்த ஹொசகோட்டே வட்டத்தில் எங்கள் கிராமப் பஞ்சாயத்து நடத்தும் குப்பை சேகரிப்பு, மாநகருக்குள் நான் பார்த்த பலவற்றைவிட ஒழுங்காக நடக்கிறது. மகளிர் சுயஉதவிக் குழுவினரே வண்டி ஓட்டுகிறார்கள். மட்கும் குப்பையும் மட்காத குப்பையும் கலந்திருந்தால் வாளியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். பால் கவரின் முனையை முழுவதுமாக வெட்டி எறியாமல் கவரோடு ஒட்டியபடி விட வேண்டும், அலசிக் காயவைத்த பிறகே கொடுக்க வேண்டும் என்று வண்டியில் வரும் அக்கா வாசலில் நின்று தமிழிலேயே விளக்கியது, எந்தத் துண்டறிக்கையையும்விடப் பயன்பட்டது.

பெரிய குறை ஒன்று உண்டு. சானிட்டரி நாப்கினைச் சுற்றி மட்காத குப்பையோடு சேர்ப்பது 2016ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளில் சொல்லப்பட்டிருந்த முறைதான் என்றாலும், குப்பையைத் தரம் பிரிக்கும் கொட்டகையில் அந்தப் பொட்டலங்களைத் தரமான கையுறைகூட இல்லாமல் பிரிப்பவர்கள் இதே பெண்கள் என்பதால், அதற்கென்று வண்டியில் தனிப் பெட்டி வைப்பதே முறை. டியூப்லைட்டுக்கும் பேட்டரிக்கும்கூடத் தனிப் பெட்டி இல்லை.

மாதக் கட்டணம் நியாயமானது. தெர்மாகோலை மட்டும் வாங்குவதில்லை. காயலான் கடைக்காரரும் அதைத் தொடுவதில்லை.