ஒரே இசைத்தட்டிலிருந்து பிரிந்த கதைகள்: பீச் பாய்ஸ் ஆவணத் தொகுப்புகள், ஓர் ஒப்பீடு

1969 பிப்ரவரியில் வெளிவந்த, அமெரிக்க பாப் இசைக்குழுவான பீச் பாய்ஸின் ‘20/20’ இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தில், ‘நெவர் லேர்ன் நாட் டு லவ்’ என்ற பாடல் முடிந்ததும் ‘அவர் ப்ரேயர்’ என்ற சொற்களற்ற கூட்டுக்குரல் இசை தொடங்குகிறது. முன்னது, பின்னாளில் கொலைக்கூட்டத் தலைவராக அறியப்பட்ட சார்லஸ் மேன்சன் எழுதிய பாட்டைத் திருத்தி, டிரம்மர் டென்னிஸ் வில்சன் தம் பெயரில் மட்டும் வெளியிட்டது. பின்னது, டென்னிஸின் அண்ணன் ப்ரையன் 1966இலும் 1967இலும் உருவாக்கிப் பாதியில் கைவிட்ட ‘ஸ்மைல்’ ஆல்பத்தின் மிச்சம். அந்தக் குழுவின் வரலாற்றில் மிகப் புகழ்பெற்ற தோல்வியும், யாரும் வாய்திறக்க விரும்பாத தொடர்பும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன.

பழைய ஸ்டுடியோ பதிவுகளைத் திரட்டிய ஆவணத் தொகுப்புகள் வந்தபோது இவ்விரண்டும் வெவ்வேறு வழியில் போயின. 2011இன் ‘ஸ்மைல் செஷன்ஸ்’, 2018இன் ‘ஐ கேன் ஹியர் மியூசிக்: த 20/20 செஷன்ஸ்’, 2021இன் ‘ஃபீல் ஃப்ளோஸ்’ ஆகிய மூன்றையும் ரசிகர்கள் ஒப்பிடும்போது ஒலித்தரம், வெளிவராத பதிவுகளின் எண்ணிக்கை, விலை ஆகியவற்றையே பெரும்பாலும் எடைபோடுகிறார்கள். அவற்றோடு, குழுவின் இருண்ட பக்கத்தை ஒவ்வொரு தொகுப்பும் எந்த அளவுக்குக் கேட்கவிடுகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால் தரவரிசை மாறிவிடுகிறது என்பது என் எண்ணம்.

கேட்பின்பத்தில் ‘ஸ்மைல் செஷன்ஸ்’ முதலிடம் பெறுவதை யாரும் மறுக்க முடியாது. 5 சிடிகளும் இசைத்தட்டுகளும் கொண்ட அந்தப் பெட்டகம், சிறந்த வரலாற்றுத் தொகுப்புக்கான கிராமி விருதை 2013இல் பெற்றது. ஐந்தாவது சிடி முழுவதும் ‘குட் வைப்ரேஷன்ஸ்’ என்ற ஒற்றைப் பாடலின் பதிவுகளே. ஹால் பிளெய்ன், கேரல் கேய் போன்ற கைதேர்ந்த ஸ்டுடியோ கலைஞர்களை 24 வயது இளைஞரான ப்ரையன் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒலிபெருக்கி வழியே திருத்துவதையும், அவர்கள் சலிக்காமல் மறுபடி மறுபடி வாசிப்பதையும், நாம் இறுதி வடிவத்தில் மட்டுமே அறிந்த ஓர் இசைத்துணுக்கு மெல்ல உருப்பெறுவதையும் அருகில் இருந்து கேட்பதுபோல் கேட்க முடிகிறது.

ஆனால் அந்தப் பெட்டகத்தின் முதல் சிடி முன்வைக்கும் ‘ஸ்மைல்’ ஆல்பம் 1967இல் இருந்ததே இல்லை. பாடல்களின் வரிசை, ப்ரையன் 2004இல் தனிக்கலைஞராக முடித்து வெளியிட்ட பதிப்பை ஒட்டி அமைக்கப்பட்டது. ‘சர்ஃப்ஸ் அப்’ பாடலில், ப்ரையன் பியானோவுடன் தனியே பாடியிருந்த குரலைப் பிரித்தெடுத்து, 1966இன் வாத்தியப் பதிவின் மேல் கணினி வழியே பொருத்தியிருக்கிறார்கள். பொருத்தம் அழகாகவே இருக்கிறது, குறை சொல்வதற்கில்லை. எனினும் இவ்வாறு முழுமைப்படுத்தும்போது, ஒரு மனிதர் உடைந்துபோன கதை, தாமதமாக வந்த வெற்றியின் கதையாக மாறிவிடுகிறது. நெருப்பைப் பற்றிய இசைக்கு வாத்தியக்காரர்களைத் தீயணைப்பு வீரர்களின் தொப்பி அணியச் செய்ததும், அதன்பின் அக்கம்பக்கத்தில் ஒரு கட்டடம் தீப்பற்றியதை அறிந்து தம் இசையே காரணமோ என்று ப்ரையன் அஞ்சியதும், அந்த நாடாக்களை அழித்துவிட்டதாகவே அவர் சொல்லிவந்ததும் இன்று சுவையான துணுக்குகளாகிவிட்டன. அதே நாடா பெட்டகத்தில் தெளிவாக ஒலிக்கிறது. அதைப் பதிந்தவரின் அச்சம் மட்டும் அதில் கேட்பதில்லை.

‘20/20 செஷன்ஸ்’ தொகுப்புக்கு இத்தகைய மரியாதை எதுவும் கிடைக்கவில்லை. 2018 டிசம்பரில், சிடியோ இசைத்தட்டோ இல்லாமல், இணையவழிப் பதிவாக மட்டும் வெளியிட்டார்கள். அதற்குச் சட்டக் காரணமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் ஒலிப்பதிவுகளின் காப்புரிமைக் காலத்தை 50 ஆண்டிலிருந்து 70 ஆண்டாக நீட்டியபோது, 50 ஆண்டுக்குள் வெளியிடப்படாத பதிவுகளுக்கு அந்த நீட்டிப்பு கிடைக்காமல் போனது. ஆகவே 1963ஆம் ஆண்டுப் பதிவுகளை 2013 முடிவதற்குள்ளும், 1968ஆம் ஆண்டுப் பதிவுகளை 2018 முடிவதற்குள்ளும் அவசரமாக வெளியிடும் வழக்கம் இசை நிறுவனங்களிடையே பரவியது. அன்பினால் வந்த வெளியீடு அன்று. உரிமையைக் காத்துக்கொள்ள வந்த வெளியீடு. அதன் விளைவாகவே அது செதுக்கப்படாமல் கிடைக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பாதியில் நின்ற பாடல்கள், பின்னணி மட்டும் ஒலிக்கும் பதிவுகள், குரல்கள் மட்டும் தனித்து நிற்கும் பதிவுகள் என்று 1968ஆம் ஆண்டின் சிதறல் சிதறலாகவே இருக்கிறது. அந்த ஆண்டில் ப்ரையன் மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார். ஆல்பத்தின் முன்னட்டையில் அவர் இல்லை. உள்ளட்டையில் கண் பரிசோதனைப் பலகை ஒன்றின் பின்னால் நிற்கிறார்.

அதே ஆண்டின் வசந்த காலத்தில்தான், சாலையோரத்தில் வண்டி கேட்டு நின்ற இரண்டு இளம்பெண்களை டென்னிஸ் தம் காரில் ஏற்றிச்சென்றார். அவர்கள் வழியே மேன்சனும் அவருடைய கூட்டத்தாரும் லாஸ் ஏஞ்சலிஸில் சன்செட் பூல்வார்டில் இருந்த டென்னிஸின் வீட்டில் வந்து குடியேறினார்கள். கோடை முடிவதற்குள், ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர் இழப்போடு டென்னிஸே அந்த வீட்டை விட்டு வெளியேறினார். மேன்சனுக்குப் பாடகராக வேண்டும் என்ற ஆசை இருந்தது; ப்ரையன் வீட்டு ஸ்டுடியோவில் அவருடைய பாடல்கள் பதிவும் செய்யப்பட்டன. தயாரிப்பாளர் டெர்ரி மெல்ச்சரிடம் டென்னிஸ் அவரை அறிமுகம் செய்தார்; எதிர்பார்த்த ஒப்பந்தம் கிடைக்கவில்லை. மெல்ச்சர் முன்பு வாடகைக்கு இருந்த சியலோ டிரைவ் வீட்டில்தான் 1969 ஆகஸ்டில் நடிகை ஷேரன் டேட்டும் மற்றவர்களும் மேன்சன் கூட்டத்தாரால் கொல்லப்பட்டார்கள். ப்ரையன் வீட்டில் பதிவான மேன்சனின் நாடாக்கள் இன்றுவரை எந்தத் தொகுப்பிலும் இடம்பெறவில்லை. அவற்றை வெளியிட வேண்டும் என்று கேட்கும் ரசிகர்கள் சிலர் உண்டு. கொலையாளி ஒருவரை இசைக்கலைஞராக மறுபடி அரங்கேற்றுவதில் எந்த வரலாற்றுப் பயனும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கையில் எடுத்துப் படிக்க ஒரு குறிப்பேடு இல்லாமல், ‘நெவர் லேர்ன் நாட் டு லவ்’ பிறந்த அமர்வுகளை இணையத்தில் விட்டதைத்தான் குறையாகச் சொல்வேன்.

‘ஃபீல் ஃப்ளோஸ்’ வேறு வகையானது. ‘சன்ஃப்ளவர்’ (1970), ‘சர்ஃப்ஸ் அப்’ (1971) ஆகிய இரண்டு ஆல்பங்களைச் சுற்றி 5 சிடிகளில் 135 பதிவுகள். அவற்றில் 108 அதுவரை வெளிவராதவை. இங்கே மையம் ப்ரையனிடமிருந்து நகர்ந்துவிடுகிறது. இளைய தம்பி கார்ல் வளர்வதும், குழுவின் மற்ற உறுப்பினர்களான அல் ஜார்டின், ப்ரூஸ் ஜான்ஸ்டன் ஆகியோர் தம் பங்கை எடுத்துக்கொள்வதும் தெரிகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, கொலைகள் நிகழ்ந்த மறு ஆண்டிலேயே ‘ஃபார்எவர்’ போன்ற மென்மையான பாடலைத் தந்த டென்னிஸ் முழு இசையமைப்பாளராக எழுந்து நிற்கிறார். ‘சர்ஃப்ஸ் அப்’ ஆல்பத்திலிருந்து அவர் பாடல்கள் முற்றிலும் விடுபட்டுப்போனதை முன்பு ஒரு செய்தியாக மட்டுமே அறிந்திருந்தோம். ‘ஃபோர்த் ஆஃப் ஜூலை’யையும் ‘வுடின்ட் இட் பி நைஸ் டு லிவ் அகெய்ன்’ பாடலையும் அந்த ஆல்பத்தின் பக்கத்திலேயே வைத்துக் கேட்கும்போது இழப்பின் அளவு விளங்குகிறது. மேன்சனைப் பற்றி டென்னிஸ் பொதுவெளியில் பெரும்பாலும் பேச மறுத்தார். 1983இல் மரீனா டெல் ரேயில் நீரில் மூழ்கி இறந்தார். அந்த மௌனத்துக்கு இடையில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதற்கு இந்தத் தொகுப்பைவிட நல்ல சான்று இல்லை.

‘சர்ஃப்ஸ் அப்’ என்ற பாடலையே அளவுகோலாக வைத்தும் ஒப்பிடலாம். 2011இன் வடிவில் ப்ரையன் ஒருவரே அதை ஆள்கிறார். 1971இன் வடிவில் அதே வாத்தியப் பதிவின் மேல் முதல் பகுதியைக் கார்ல் பாடுகிறார். நடுவில் ப்ரையனின் பழைய குரலும் பியானோவும் வந்து சேர்கின்றன. ஒட்டுப்போட்ட வேலை காதுக்குத் தெரிகிறது. இருந்தாலும் தம்பி அண்ணனின் இடத்தில் நின்று முடித்துக்கொடுத்த அந்த வடிவத்தையே நான் விரும்புகிறேன்.

கள்ளப் பதிப்புகளையும் கணக்கில் சேர்க்காவிட்டால் ஒப்பீடு முழுமையாகாது. ப்ரையனின் பாடல் உரிமை நிறுவனத்தின் பெயரையே சூட்டிக்கொண்டு 1990களின் பிற்பகுதியில் வந்த ‘சீ ஆஃப் ட்யூன்ஸ்’ கள்ளத் தொகுப்புகள், அதிகாரப்பூர்வ வெளியீடுகளுக்குப் பல ஆண்டுகள் முன்பே ஸ்டுடியோ நாடாக்களை ரசிகர்களிடம் கொண்டுசேர்த்தன. ‘ஹெல்ப் மீ, ரோண்டா’ பதிவின்போது தந்தை மரி வில்சன் குறுக்கே புகுந்து மகன்களைக் கடிந்துகொள்ளும் நாடா கள்ளச் சந்தை வழியே பரவியதுதான். அந்தத் தந்தை 1969இல் அதே பாடல் உரிமைகளை ஏறத்தாழ 7 லட்சம் டாலருக்கு விற்றார். பிற்காலத்தில் ப்ரையனின் வாழ்வையே கைப்பற்றிக்கொண்ட உளவியலாளர் யூஜின் லேண்டியின் காலத்துப் பதிவுகளும், ‘ஸ்வீட் இன்சானிட்டி’ என்ற நிராகரிக்கப்பட்ட ஆல்பம் உட்பட, பெரும்பாலும் இந்தச் சந்தையிலேயே தங்கிவிட்டன.

ஒன்றை மட்டும் வாங்க இயலுமானால், நான் ‘ஃபீல் ஃப்ளோஸ்’ தொகுப்பின் 5 சிடி பதிப்பைச் சொல்வேன். 2 சிடி பதிப்பில் டென்னிஸின் பகுதி மிகவும் சுருங்கிவிடும். ‘ஸ்மைல்’ விஷயத்தில் நேர்மாறாக, ஒரே பாட்டின் இருபது முயற்சிகளைக் கேட்கும் பொறுமை இல்லாதவருக்கு 2 சிடி பதிப்பே தாராளம். ‘20/20 செஷன்ஸ்’ தொகுப்பை வாங்கத் தேவையில்லை. 1969இன் மூல ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தை முதலில் முழுமையாகக் கேட்டுவிட்டு, அதன் பிறகு இணையத்தில் அதைக் கேட்பது நல்லது.