யாழ்ப்பாணம் நல்லூரில் நாங்கள் தங்கிய ஐந்து அறை வீடு

போன மாதம் கொழும்பிலிருந்து ரயிலில் போய் மூன்று இரவு தங்கினோம். கோயிலுக்குப் பின்பக்க ஒழுங்கையில் நடுவில் முற்றம் வைத்த பழைய நாற்சார் வீடு, நடத்துவது ஒரு அக்காவும் மகனும். அறை துப்புரவு, ஏசி கொஞ்சம் இரையும், தண்ணீர் லேசாக உப்புச் சவர். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. சாப்பாடுதான் விஷயம். காலையில் இடியப்பம், சொதி, இடித்த சம்பல். இரண்டாம் இரவு அக்கா ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) கூழ் காய்ச்சினார், நண்டு, இறால், பலாக்கொட்டை எல்லாம் அடியில் கிடக்க, பனையோலைப் பிளாவில் சுடச்சுட ஊற்றித் தந்தார், மூக்கு ஒழுக ஒழுகக் குடித்தோம்.

போகுமுன் போன் எடுத்து அட்வான்ஸ் எவ்வளவு போட என்று கேட்டபோது, "வேண்டாம் தம்பி, வந்து தாங்கோ" என்றார். ஏன் என்பது கூழ் குடித்த இரவுதான் தெரிந்தது. தங்க வருபவர் பெயர் எழுதும் சீஆர் கொப்பி (தடித்த மட்டை நோட்டு) ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். 2019 நவம்பரில் இங்குள்ள பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னை விமானம் தொடங்கியதும் பக்கம் பக்கமாகத் தமிழ்நாட்டு விலாசங்கள். கடன் எடுத்து இரண்டு அறை கூடக் கட்டியிருக்கிறார். 2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லாம் நின்றது, அதற்குப் பிறகு வரும் பெயர்களில் சிவப்புக் கோடு. வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க நகை அடகு வைத்தாராம்.

2021 ஜனவரியில் நாடு உல்லாசப் பயணிகளுக்குத் திறந்துவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள், சரி, ஆனால் பலாலிக்கு விமானம் திரும்ப வந்தது 2022 டிசம்பரில். கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குகிறவர் கண்டி, காலி என்று போய்விடுவார், இத்தனை மணித்தியாலம் வடக்கே ஏறி வர எத்தனை பேருக்கு மனம் வரும்? இது அவருக்குப் புதிதுமில்லை. 2014 அக்டோபரில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் வடக்கே வரப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்று மறுபடி சட்டம் போட்டபோதும், அடுத்த ஜனவரியில் அதை நீக்கும்வரை அறைகள் சும்மா கிடந்தன. காங்கேசன்துறை - நாகப்பட்டினம் கப்பலை அவர் கணக்கிலேயே எடுப்பதில்லை. 2023 அக்டோபரில் தொடங்கி சில நாளில் நின்று, அடுத்த ஆகஸ்டில்தான் திரும்ப ஓடியது. "கப்பல் வந்தால் நல்லது, வராட்டி சோறு வேகோணுமே" என்றார். இப்போது இரண்டு அறை கம்பஸ் (பல்கலைக்கழக) பிள்ளைகளுக்கு மாத வாடகைக்கு, மத்தியானம் ஐம்பது சாப்பாட்டுப் பார்சல்.

ஒரு குறை. அட்வான்ஸ் இல்லாததால் பின்னேரம் ஆறு மணிக்கு மேல் அறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். நாங்கள் பிந்தித்தான் போனோம், இரண்டாவது அறை கைநழுவி, முதல் இரவு ஐந்து பேரும் ஒரே அறையில். எனக்குக் கோபம்தான், கொப்பியைப் பார்த்த பிறகு கேட்க வாய் வரவில்லை. கார்ட் எடுக்கமாட்டார், காசுதான். கூழ் வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.