வட்டு நல்லது, வாய் சரியில்லை: 2 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் அனுபவம்

தேவகோட்டையில் ஸ்டூடியோ நடத்தும் தம்பி ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்து, "அண்ணே, நீங்க வச்சிருக்கிற அதே 2 டிபி எக்ஸ்டர்னல் இப்ப ஆஃபர்ல வருது, வாங்கிடவா?" என்று கேட்டார். அதன் யூஎஸ்பி போர்ட்டைப் பழுதுபார்த்துக் கொண்டுவந்த சூடு ஆறாதிருந்ததால், வேண்டாம் என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டேன். இத்தனை ஆண்டுகள் என் வேலையைக் காத்த கருவியை ஏன் வேண்டாம் என்கிறேன் என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கான விரிவான பதில் இது.

காரைக்குடியில் நான் செய்வது டிடிபி வேலை, அதாவது அச்சுக்குப் போகும் பக்கங்களைக் கணினியில் வடிவமைப்பது. திருமண அழைப்பிதழ், மணிவிழா மலர், கோயில் குடமுழுக்கு மலர், பழைய வீடுகளின் புகைப்படத் தொகுப்பு ஆகியவையே பெரும்பாலும் வரும். அழைப்பிதழின் ஆயுள் ஒரு முகூர்த்தத்தோடு முடிந்துவிடும் என்று பலர் நினைப்பார்கள், ஆனால் நான்கைந்து ஆண்டுகள் கழித்து ஓர் ஆச்சி வந்து, "எங்க ஐயா மணிவிழா மலருக்குக் குடுத்த படம் உங்ககிட்ட இருக்குமா? வீட்டுல இருந்ததைக் கரையான் தின்னுருச்சு" என்று கேட்கும்போது, உலகத்தில் அந்தப் படம் மிஞ்சியிருக்கும் ஒரே இடம் என் ஹார்ட் டிஸ்க்தான்.

அந்த வகையில் இந்த வட்டின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் மேசைக் கணினியின் உள்வட்டு ஒருநாள் டிக் டிக்கென்று ஒலிக்கத் தொடங்கியபோது, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதன் நிலையை மஞ்சள் நிறத்தில் காட்டியது. படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின் (வட்டில் தரவு எழுதப்படும் சிறு பகுதிகளின்) எண்ணிக்கை பார்க்கும்போதெல்லாம் ஏறிக்கொண்டிருந்தது. இப்படி ஒலிக்கும் வட்டில் பிழைதிருத்தும் கட்டளையை ஓட்டினால் அது மேலும் கெடும். மிஞ்சியிருப்பதை முதலில் நகலெடுப்பதுதான் முறை. எனக்கு அந்தத் தவிப்பு நேரவில்லை. விண்டோஸிலேயே உள்ள, நகலெடுக்கும் வசதியான ஃபைல் ஹிஸ்டரி மணிக்கொரு முறை, மாறிய கோப்புகளை மட்டும் இந்த எக்ஸ்டர்னலில் எழுதிவைத்திருந்தது. புதிய எஸ்எஸ்டி போட்டு விண்டோஸை ஏற்றி, மறுநாள் மாலையே விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

நகல்களின் பெயர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னும் அடைப்புக்குறிக்குள் தேதியும் நேரமும் இருக்கும். அந்த நேரம் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரம் என்பதால், நம் நேரத்தை அறிய அதனுடன் ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு குடமுழுக்கு மலரின் உபயதாரர் பட்டியல், அச்சகத்துக்கு அனுப்ப வேண்டிய அன்றே திறக்காமல் அடம்பிடித்தபோது, முற்பகல் 11 மணிக்குப் பதிவான நகலை 05_30 என்ற எண்ணைக் கொண்டு தேடி எடுத்தேன். பெயர் விடுபட்டால் ஊரே கேட்கும் பட்டியல் அது. அந்த ஒரு நாளுக்காகவே இந்த வட்டுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

ஃபைல் ஹிஸ்டரி எழுத்துருக்களைத் தானாக எடுத்துவைப்பதில்லை என்பதை நம் ஊர் டிடிபிக்காரர்கள் கட்டாயம் நினைவில் கொள்ள வேண்டும். யூனிகோடுக்கு முந்திய பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த பழைய மலர்களை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டிக் கிடக்கும். ஆகவே எழுத்துருக் கோப்புறையின் நகலையும் இதே வட்டில் தனியே வைத்திருக்கிறேன்.

இனி போர்ட். கைக்கடக்கமான இவ்வகை வட்டுகள் பலவற்றில் இருப்பது மைக்ரோ பி எனப்படும் தட்டையான, அகன்ற போர்ட். அதில் பழைய யூஎஸ்பி 2க்கு ஐந்து பின்களும் (மெல்லிய உலோக முனைகள்), வேகத்துக்கெனச் சேர்த்த ஐந்து பின்களும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. நாளடைவில் போர்ட் தளர்ந்ததும், கேபிள் ஒரு நூலளவு சாய்ந்தாலே வேகப் பின்கள் விட்டுப்போய் வட்டு பழைய வேகத்துக்கு இறங்கும். இன்னும் சற்றுச் சாய்ந்தால் தொடர்பே அறுந்து, நகலாகிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நிற்கும். மேசையில் யாராவது கையூன்றினால் போதும். புதுக் கேபிள் வாங்கியும் சில வாரங்களுக்கு மேல் நிம்மதி இல்லை. அவசரத்துக்கு ஒரு வழி உண்டு: பழைய ஆண்ட்ராய்டு போன்களுக்கு வந்த மைக்ரோ யூஎஸ்பி டேட்டா கேபிள் இந்தப் போர்ட்டின் பெரிய பாதியில் பொருந்தும், மெதுவாக ஓடினாலும் கோப்புகளை எடுத்துவிடலாம்.

கடைசியில் போர்ட் முழுக்கவே ஆடத் தொடங்கியது. உறையைத் திறந்து வட்டை வெளியே எடுத்து வேறு உறையில் போட்டுக்கொள்ளலாம் என்று திறந்தபோதுதான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. வட்டை வேறு உறையிலோ கணினியிலோ பொருத்த உதவும் வழக்கமான சாட்டா இணைப்பு உள்ளே இல்லை; யூஎஸ்பி போர்ட் வட்டின் மின்பலகையிலேயே நேராகப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. போதாக்குறைக்கு, இவ்வகை வட்டுகள் சிலவற்றில் நாம் கடவுச்சொல் வைக்காவிட்டாலும் பலகையிலுள்ள சிப் தரவை மறையாக்கித்தான் எழுதுகிறது. பலகை போனால், நலமாக இருக்கும் வட்டிலிருந்துகூட எதையும் படிக்க முடியாது. வாரண்டியில் கொடுத்தால் வேறு வட்டு தருவார்கள். வாரண்டி கருவிக்குத்தானே தவிர, உள்ளே இருக்கும் மலர்களுக்கு அல்ல. செக்காலைப் பக்கம் மொபைல் பழுதுபார்க்கும் ஓர் இளைஞர் நுண்ணோக்கியின் கீழ் பழைய போர்ட்டைச் சூடேற்றிக் கழற்றி, மயிரிழை போன்ற பத்து பின்களையும் ஒவ்வொன்றாகப் பற்றவைத்துக் கொடுத்தார். அவர் கை நடுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அவரிடம் தைரியமாகக் கொடுத்ததற்குக் காரணம், பள்ளத்தூரில் என் தங்கை வீட்டு அலமாரியில் இன்னொரு வட்டு இருந்ததுதான். அதை வெள்ளிக்கிழமைகளில் கொண்டுவந்து புதுப்பித்துத் திருப்பி வைக்கிறேன். இணையத்தில் வைக்கலாமே என்றால், கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியில் அந்தந்த மாத வேலை மட்டுமே அடங்கும். இரண்டாம் படியின் அருமைக்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு: பக்கத்துக் கோட்டையூரில் நூல் சேகரிப்பாளர் ரோஜா முத்தையா செட்டியார் தம் வீட்டில் சேர்த்தவை, அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டு, 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாகி, மைக்ரோஃபிலிமிலும் படியெடுக்கப்பட்டன. நூல்களோடு அழைப்பிதழ்களையும் அவர் பொருட்டாகச் சேர்த்தார் என்பதால், என் அழைப்பிதழ்களுக்கும் இரண்டாம் படி வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கமே வந்ததில்லை.

வெயிலைப் பற்றியும் தேவகோட்டைத் தம்பி கேட்டார். இவ்வகை வட்டுகள் பலவற்றுக்கு 35 டிகிரி வரைதான் இயங்கு வெப்பம் என்று குறித்திருக்கிறார்கள். நம் ஊர்க் கத்திரியில் மாடி அறைகள் அதைத் தாண்டிவிடும். என் வட்டு தரைத்தளத்தில், ஆத்தங்குடிக் கல் பாவிய உள்ளறையில் இருக்கிறது. அங்கே சூட்டினால் தொல்லை வந்ததில்லை.

ஒரு பைட்டைக்கூடத் தொலைக்காத வட்டைத் தள்ளச் சொல்வது கடுமையாகத் தெரியலாம். இருந்தும், தம்பி, ஆஃபர் எவ்வளவு இறங்கினாலும் இதை வாங்காதீர்கள். சாட்டா இணைப்புள்ள வட்டு ஒன்றும், டைப் சி போர்ட் உள்ள உறை ஒன்றும் தனித்தனியாக வாங்குங்கள். போர்ட் கெட்டால் உறையை மட்டும் சில நூறு ரூபாயில் மாற்றிவிடலாம், வட்டின்மேல் யாரும் சூடு வைக்க வேண்டியதில்லை.